ஸ்னோ புயல் ஓய்ந்த மறுநாள்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

புயல் ஓய்ந்து விடிந்ததும் ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்தில் எல்லோரும் செய்கிற முதல் வேலை ஸ்னோ அள்ளுகிற சவலைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வேயில் இறங்குவது. வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கவேண்டும், நியாயம்தான். ஆனாலும் கார் அரை மணித்தியாலம் காத்திருக்கும். வீட்டின் பக்கச் சுவரில் ஸ்னோ மூடிக் கிடக்கிற குழாய் காத்திருக்காது. ஆகவே முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை, அதற்குப் பிறகு டிரைவ்வே. கீழே வருகிற பாதிப் பிரச்சினைகள் அந்த ஒரு நடையிலேயே பிடிபட்டுவிடும்.

2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் சில பகுதிகளில் அரை மீற்றர் அளவுக்குக் கொட்டியது. 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் ஒரு கிழமைக்குள் அதே அளவைக் குவித்துவிட்டுப் போயின. 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் ஸ்னோ அள்ள இராணுவத்தைக் கூப்பிட்ட கதையை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். இப்படியான ஒரு புயலுக்குப் பிறகு வீட்டில் என்னென்ன தெரியும், தெரிந்தால் எங்கே கைவைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதுதான் இது. ஒன்ராறியோ வீடுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வீடு குளிர்கிறது

புயலுக்கு மறுநாள் காலை வருகிற தொலைபேசி அழைப்புகளில் அநேகமானவை இதுதான். "அண்ணை, உர்ர்ரெண்டு ஒரு சத்தம் வருது, பிறகு நிக்குது. திரும்பவும் வருது, நிக்குது. நெருப்பு மட்டும் பத்துதில்லை. ஆளைக் கூப்பிடட்டோ?"

கூப்பிட முதல் வெளியே போய்ப் பாருங்கள். இப்போதைய கூடிய செயற்திறன் கொண்ட ஃபேர்னஸ்களுக்கு மேலே புகைபோக்கி கிடையாது. வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவரால் வெளியே வரும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது எரிந்த புகையை வெளியே தள்ளும். புதுக் குடியிருப்புகளில் இரண்டு வீடுகளுக்கு இடையே ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து இருக்குமே, பெரும்பாலும் அங்கேதான், முழங்கால் உயரத்தில் இந்தக் குழாய்கள் இருக்கும். காற்று ஸ்னோவைக் கொண்டுவந்து அடைப்பதும் அந்தச் சந்தில்தான். முன் முற்றத்தில் கணுக்கால் அளவு கிடந்தாலும் சந்துக்குள் இடுப்பளவு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்குக்கு நாலு சவல் அள்ளி அங்கே போட்டிருந்தால் இன்னும் மோசம்.

குழாய் அடைபட்டால் உள்ளே நடப்பது இதுதான். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் ஒரு சின்ன விசிறி சுற்றும். அந்த 'உர்ர்' அதுதான். புகை போகும் வழி திறந்திருக்கிறதா என்பதை காற்றழுத்தத்தை வைத்து ஒரு சுவிட்ச் சோதிக்கும். வழி இல்லையென்றால் அது நெருப்பு எரிய விடாது. சில தடவை முயன்றுவிட்டு ஃபேர்னஸ் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். ஆக, அது பழுதாகவில்லை. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

செய்யவேண்டியது: ஃபேர்னஸின் பக்கத்தில் லைட் சுவிட்ச் மாதிரி ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். வெளியே போய் குழாயைச் சுற்றி ஒரு மீற்றர் அளவுக்குத் துப்புரவாக்குங்கள். குழாய்க்குக் கிட்டே வந்ததும் சவலை வைத்துவிட்டுக் கையால் எடுங்கள். குளிரில் விறைத்த பிளாஸ்டிக் ஒரு இடியில் உடையும். குழாய் வாய்க்குள் ஐஸ் கட்டியிருந்தால் விரல் எட்டுகிற மட்டும் உடைத்து வெளியே எடுங்கள், உள்ளே தள்ளவேண்டாம். திரும்ப வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள்.

அப்படியும் வரவில்லையா? ஃபேர்னஸ் கதவில் உள்ள சின்னக் கண்ணாடித் துளையால் ஒரு விளக்கு மினுக்குவது தெரியும். எத்தனை தரம் மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அதன் பொருள் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். வருகிற தொழில்நுட்ப ஆளிடம் அந்த எண்ணைச் சொன்னால் அவர் தேவையான பாகத்தோடு வருவார். கதவைக் கழற்றிப் பார்த்தால் திரும்பச் சரியாகப் பொருத்துங்கள், அது இறுக மூடாவிட்டால் ஃபேர்னஸ் உயிர்க்காது. விளக்கே இல்லையென்றால் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் பெட்டி அடுக்கும்போது தட்டுப்பட்டு நின்றுபோன ஃபேர்னஸ்களுக்குக் கணக்கில்லை.

அலாரம் கத்துகிறது

எப்படிக் கத்துகிறது என்று கவனியுங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீக்' என்றால் பற்றரி முடிகிறது, அல்லது அலாரத்தின் ஆயுளே முடிகிறது. பின்பக்கம் திகதி இருக்கும், 7 முதல் 10 வருடம்தான். மூன்று மூன்றாகக் கத்தினால் புகை. நாலு தரம் வேகமாகக் கத்தி, இடைவெளி விட்டு, மறுபடி நாலு என்றால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு.

நாலு என்றால் காரணம் தேடவேண்டாம். பேஸ்மென்ட்டில் இருப்பவர்களையும் எழுப்பிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து, வெளியில் நின்றே 911 எடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பது வேலைக்காகாது. தீயணைப்புப் படையினர் சொல்லும்வரை ஜக்கெட் எடுக்கக்கூடத் திரும்பிப் போகக்கூடாது. அலாரம் கத்தாவிட்டாலும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வந்து, வெளியே போனதும் குறைகிறது என்றால் அதையும் இதே கணக்கில் எடுங்கள். காய்ச்சல் குணம் என்று பனடோலைப் போட்டுவிட்டுப் படுப்பதுதான் இதில் ஆபத்து.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பமே இந்த வாயுவால் இறந்துபோனது. குளிர்காய்கிற எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2014இல் படுக்கையறைகளுக்கு அருகில் இந்த அலாரம் கட்டாயமாக்கப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் எரிபொருள் சாதனங்கள் உள்ள வீடுகளில் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று வேண்டும்.

நம்மவர்கள் வீட்டுக்கென்று ஒரு விஷயம் சொல்லவேண்டும். வீடு மணக்கும் என்று கராஜுக்குள் புரொப்பேன் அடுப்பு வைத்து மீன் பொரிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. கோடையில் கதவு திறந்து கிடக்கும். புயல் நாளில் குளிர் என்று கதவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் பொரித்தால், அந்த நச்சு வாயு கராஜையும் வீட்டையும் இணைக்கும் கதவால் உள்ளேதான் வரும். கரி அடுப்பும் ஜெனரேட்டரும் இதே கதைதான். ஜெனரேட்டரை முற்றத்தில், ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளித்தான் வைக்கவேண்டும்.

அழுகிய முட்டை மணம் வருகிறது

எரிவாயு. சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, தூரத்தில் நின்று 911ஐ அல்லது எரிவாயு நிறுவனத்தின் அவசர இலக்கத்தை அழையுங்கள்.

மணம் இல்லாவிட்டாலும், சுற்றிவருகிற அந்த முதல் நடையில் எரிவாயு மீற்றரைப் பாருங்கள். ஸ்னோவைத் தும்புத்தடியால் மெல்லத் தட்டிவிட்டால் போதும். சவலால் கொத்துவதும் ஐஸ் உடைக்கக் காலால் உதைப்பதும் கூடாது. கூரை ஓரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் மீற்றரின் மேல் விழுந்து உறைகிறதென்றால் அதையும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மீற்றரோடு இருக்கிற ரெகுலேட்டருக்கும் ஒரு மூச்சுத் துவாரம் உண்டு, அதை ஐஸ் மூடக்கூடாது.

முன் கதவு திறக்கவில்லை

உட்புறம் திறக்கிற மரக்கதவு திறக்கும், வெளிப்புறம் திறக்கிற கண்ணாடிக் கதவுதான் ஸ்னோவில் மாட்டும். தோளால் இடித்தால் கண்ணாடி போகும். கராஜ் வழியாகச் சுற்றி வாருங்கள். கராஜ் கதவின் அடி றப்பர் நிலத்தோடு உறைந்திருந்தால் மோட்டரை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டாம். உள்ளிருந்து அடிப்பக்கத்தில் கொஞ்சம் உப்பைத் தூவி, பத்து நிமிடம் விட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள்.

வெளியே வந்ததும் முதலில் துப்புரவாக்கவேண்டியது பேஸ்மென்ட் வாசலும், பேஸ்மென்ட் ஜன்னல் குழிகளும். வாடகைக்கு இருப்பவர்கள் வந்துபோகும் பக்கப் படி அது. இரவில் நெருப்புப் பிடித்தால் அந்த ஜன்னல்தான் அவர்களுக்கு இரண்டாவது வழி. ஒன்ராறியோவில் பொதுவாகப் பாவிக்கிற நடைபாதை, டிரைவ்வே ஸ்னோவை அகற்றுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. 'கீழ் வீட்டுப் பெடியன் வழிப்பான்' என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருப்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு கைமாறாது.

சவல் பிடித்தவருக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு கார் நிற்கிற 6 மீற்றருக்கு 6 மீற்றர் டிரைவ்வே. 30 சென்ரிமீற்றர் ஸ்னோ. புது ஸ்னோ என்றாலும் கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தால், மொத்தம் ஆயிரம் கிலோவைத் தாண்டும். ஈரமான ஸ்னோ இதில் இரண்டு மூன்று மடங்கு. இதைக் காலைச் சாப்பாட்டுக்கு முன், மைனஸ் பத்துப் பாகையில், வருடம் முழுக்க உடற்பயிற்சி செய்யாத ஒருவர் அவசர அவசரமாகத் தூக்கி எறிகிறார். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, பாரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. 20 சென்ரிமீற்றர் கொட்டிய நாளுக்கு மறுநாள், ஆண்கள் மாரடைப்போடு அனுமதிக்கப்படுவது 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பது 34 சதவீதமும் கூடியிருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சவல் யார் கையில் இருக்கிறது என்பதே காரணமாக இருக்கலாம்.

தெற்காசியர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் இளம் வயதிலேயே வருகிறதென்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். வழக்கத்துக்கு மாறான களைப்பு, குளிருக்குள்ளும் வியர்வை, தாடை அல்லது இடது கையில் உளைவு என்றுதான் காட்டும். "ஒண்டுமில்லையடா தம்பி, வாயுக்குத்து" என்று அப்பா சொன்னால் நம்பவேண்டாம். சவலை வாங்கி வைத்து, அவரை உள்ளே இருத்தி, 911 எடுங்கள். காரில் ஏற்றி வழிக்காத வீதியால் மருத்துவமனைக்கு ஓட்டிப் போகவேண்டாம். அம்புலன்ஸ் வர வாசலில் இருந்து வீதிவரை ஒரு பாதை மட்டும் வெட்டி வையுங்கள்.

சரி, அறுபது தாண்டாத, சுகமான ஆள் எப்படி வழிப்பது? தூக்காமல் தள்ளுங்கள். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் சவலை அரைவாசிக்கு மேல் நிரப்பாமல், முழங்காலை மடித்து, உடம்போடு திரும்பிப் போடுங்கள். இடுப்பை மட்டும் முறுக்கி எறிந்தால் அடுத்த கிழமை முழுக்கக் கட்டில்தான். கொட்டி முடியட்டும் என்று பார்த்திருக்காமல், 10 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒரு தரம் வழித்தால் மறுநாள் பாரம் பாதி.

வழித்து முடித்த டிரைவ்வே வாயில் மறுபடியும் ஒரு மதில்

நகரசபையின் ஸ்னோ வண்டி போயிருக்கிறது. அது தள்ளிவிட்டுப் போவது புது ஸ்னோ மாதிரி இராது. உப்பும் ஐஸ் கட்டியும் சேர்ந்து இறுகியிருக்கும், ஒரு மணித்தியாலம் விட்டால் சீமெந்தாகிவிடும். முடிந்தால் உடனே, கரையிலிருந்து சீவிச் சீவி எடுங்கள்.

கொஞ்சம் குறைக்க ஒரு வழி உண்டு. வீட்டிலிருந்து வீதியைப் பார்த்து நில்லுங்கள். இங்கே வண்டி உங்கள் இடப்பக்கமிருந்து வந்து வலப்பக்கம் போகும். டிரைவ்வே ஸ்னோவை எப்போதும் வலப்பக்கத்திலேயே குவியுங்கள். இடப்பக்கம் வீதி ஓரத்தில் ஒரு கார் அகலத்துக்கு வழித்து வெறுமையாக விடுங்கள். வண்டி தன் பாரத்தை அந்த வெற்றிடத்தில் இறக்கிவிட்டு உங்கள் வாசலைத் தாண்டும்போது கொண்டுவருவது குறைவாக இருக்கும். எடுத்ததைத் திரும்ப வீதியில் எறிவது நகரசபைச் சட்டப்படி குற்றம். வாசலுக்கு முன்னால் தீயணைப்பு நீர்க்குழாய் இருந்தால் அதை மூடிக் குவிக்கவேண்டாம்.

உப்புப் போட்டும் ஐஸ் இளகவில்லை

வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரணப் பாறை உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே கையை விரித்துவிடும். வாளி வாளியாகக் கொட்டினாலும் பலன் இல்லை, இன்டர்லொக் கல்லும் புதுச் சீமெந்தும்தான் பொரிந்துபோகும். அந்தக் குளிரில் கல்சியம் குளோரைட் வேலை செய்யும், அல்லது மணலைத் தூவி வழுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர் ஊற்றுவது அடுத்த அரை மணித்தியாலத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தரையைச் செய்வதற்குத்தான் உதவும்.

ஸ்னோ புளோவர் சத்தம் போடுகிறது, ஸ்னோ வரவில்லை

முன்னாலுள்ள திருகு சுற்றவில்லையென்றால், அதைத் தண்டோடு பிணைக்கிற ஷியர் பின் உடைந்திருக்கும். ஐஸ் கட்டியோ பத்திரிகைக் கட்டோ மாட்டினால் எந்திரம் தப்புவதற்காக உடையவென்றே செய்த ஆணி அது. அதே அளவு ஆணி வாங்கி மாற்றலாம், சாதாரண இரும்பு ஆணியைப் போட்டால் அடுத்த முறை கியர் பெட்டி போகும். திருகு சுற்றியும் வரவில்லையென்றால் வாய் அடைத்திருக்கிறது. எந்திரத்தை நிறுத்தி, எல்லாம் அடங்கியபிறகு, தடியால் குத்தி எடுங்கள். நிறுத்திய எந்திரத்திலும் இறுகி நிற்கிற விசை ஒரு சுற்றுச் சுற்றும். விரல் போவது அந்த ஒரு சுற்றில்தான்.

கார் சில்லு சுற்றுகிறது, கார் நகரவில்லை

முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் துப்புரவாக்குங்கள். அது அடைபட்ட காரில் ஹீற்றரைப் போட்டுப் பிள்ளைகளை இருத்திவிட்டு வெளியில் ஸ்னோ வழிப்பதைப் போல ஆபத்து வேறில்லை. பிறகு நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் வழித்து, சில்லை நேராக்கி, மணலோ பூனைப் பெட்டிக்குப் போடுகிற மண்ணோ தூவி, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். காலை அழுத்தினால் சில்லு சூடாகி அடியில் ஐஸ் பள்ளம்தான் விழும். வைப்பர் கண்ணாடியோடு உறைந்திருந்தால் சுவிட்சைப் போடவேண்டாம், மோட்டர் எரியும்.

கரண்ட் இல்லை

பக்கத்து வீடுகளில் வெளிச்சம் இருக்கிறதா? இருந்தால் உங்கள் பிரேக்கர் பெட்டியைப் பாருங்கள். வெளியே தொங்கவிட்ட கிறிஸ்மஸ் விளக்கு நனைந்து சுவிட்சைத் தட்டியிருக்கலாம். வீதியே இருட்டென்றால் காத்திருக்கவேண்டியதுதான். அறுந்து விழுந்த கம்பி தெரிந்தால் 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள்.

எரிவாயு ஃபேர்னஸ் என்பதால் வீடு சூடாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கரண்ட் வேண்டும், ஆகவே அதுவும் நிற்கும். 2013 டிசம்பரில் ஐஸ் மழை பெய்து ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் போனபோது சிலர் கிறிஸ்மஸையே இருட்டில் கழித்தார்கள். எல்லோரும் ஓர் அறைக்குள் வந்து, கதவிடுக்கில் துவாய் செருகி, போர்வைகளோடு இருங்கள். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துத் தேத்தண்ணி போடலாம், அதில் வீட்டைச் சூடாக்கப் பார்க்கவேண்டாம். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணித்தியாலம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24. ஆட்டிறைச்சியும் அரைத்த தேங்காயும் இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கு செல்லாது.

பைப்பில் தண்ணீர் வரவில்லை

ஒரு பைப்பில் மட்டுமென்றால் அந்தக் கிளை உறைந்திருக்கிறது. வெளிச்சுவரோடு ஒட்டிய குசினி சிங்க், கராஜுக்கு மேல் வரும் குளியலறை, இவை இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். சிங்கின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வீட்டுச் சூடு உள்ளே போக விடுங்கள். பைப்பைத் திறந்தே வைத்து, பைப் வாயிலிருந்து சுவர்ப்பக்கமாகத் தலைமுடி உலர்த்தியால் மெல்லச் சூடுகாட்டிக்கொண்டு போங்கள். நடுவில் தொடங்கினால் இளகிய தண்ணீர் இரண்டு ஐஸ் கட்டிகளுக்கு இடையில் மாட்டிக் குழாயைப் பிளக்கும். நெருப்புக் காட்டவே கூடாது.

இதைத் தொடங்க முதல் பேஸ்மென்ட்டில் பிரதான வால்வு எங்கே, அது திரும்புகிறதா என்று பாருங்கள். வெடித்த குழாய் உறைந்திருக்கும்வரை சொல்லாது, இளகியபிறகுதான் சீறும்.

வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றால் வீதிக்கு அடியில் உறைந்திருக்கலாம். 2015 பெப்ரவரி ரொறன்ரோவின் மிகக் குளிரான பெப்ரவரிகளில் ஒன்று. அப்போது பல வீடுகளுக்கு இப்படி நேர்ந்தது. நகரசபையின் 311 இலக்கத்தை எடுங்கள்.

தண்ணீர் வருகிறது, ஆனால் டொய்லெட் கொளக் கொளக் என்கிறது, சாக்கடை மணம் வருகிறது என்றால் கூரைக்கு மேல் போகிற கழிவுக் காற்றுக் குழாயின் வாய் ஐஸால் மூடியிருக்கும். கூரையில் ஏறவேண்டாம். வெயில் பட்டால் பெரும்பாலும் தானே திறக்கும்.

சீலிங்கில் மஞ்சள் கறை

புயலுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வெயில் எறிக்கும்போது வரும். கறை எந்த இடத்தில் என்பதுதான் துப்பு.

வெளிச்சுவரோடு ஒட்டி, ஜன்னலுக்கு மேல் என்றால் கூரை ஓரத்தில் ஐஸ் அணை கட்டியிருக்கிறது. வீட்டுச் சூடு கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் கசிந்து கூரையின் நடுப்பகுதி ஸ்னோவை அடியிலிருந்து இளக்கும். அந்தத் தண்ணீர் ஓடிவந்து, சூடில்லாத ஓரத்தில் உறைந்து மேடாகும். பின்னால் வருகிற தண்ணீர் தேங்கி, கூரை ஓட்டுக்கு அடியால் மேலேறிச் சுவருக்குள் இறங்கும். நிரை நிரையாகத் தொங்கும் ஐஸ் ஊசிகள் பார்க்க அழகுதான், அடியில் இந்த அணை இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

குளியலறை விசிறியைச் சுற்றிக் கறை என்றால் கூரையில் குற்றமில்லை. விசிறியின் குழாய்க்குள் நீராவி உறைந்து திரும்பச் சொட்டுகிறது, அல்லது குழாய் கழன்று அட்டிக்குக்குள் ஊதுகிறது. அங்கங்கே சிதறிய புள்ளிகளென்றால் அட்டிக் ஆணி முனைகளில் படிந்த உறைபனி வெயிலுக்கு மழையாகக் கொட்டுகிறது. புட்டும் இடியப்பமும் நாளுக்கு இரண்டு தரம் அவிகிற, பேஸ்மென்ட்டில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிற வீட்டில் அட்டிக்குக்குப் போகிற ஈரம் கொஞ்சநஞ்சமல்ல. அட்டிக் மூடியைச் சுற்றி இடுக்கு இருந்தால் அந்த வழியே போதும்.

இப்போதைக்கு: சீலிங் தண்ணீர் தாங்கி வீங்கியிருந்தால், கீழே வாளி வைத்து, ஸ்குரூ டிரைவரால் நடுவில் ஒரு துளை போடுங்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு துளையைப் பூசுவது முழுப் பலகை இடிந்து விழுவதைவிட எவ்வளவோ மேல். நீளப் பிடியுள்ள கூரை வாரியால் நிலத்தில் நின்றபடி ஓரத்தில் உள்ள ஸ்னோவை இழுத்து விடுங்கள். பழைய நைலோன் காலுறைக்குள் கல்சியம் குளோரைட்டை அடைத்து, அணைக்குக் குறுக்கே, கூரையின் சரிவு வழியே படுக்கவைத்தால் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இளகும். கோடரியால் கொத்தினால் ஓட்டையும் சேர்த்துக் கொத்துவீர்கள். கறையையும் ஐஸையும் படமெடுத்து வைத்துவிட்டுக் காப்புறுதிக்குச் சொல்லுங்கள்.

கோடையில் கூரைக்காரரைக் கூப்பிட முதல் அட்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுக்குகளை அடைத்து, காப்புப் பஞ்சைக் கூட்டுவதுதான் மருந்து. புது வீடுகளுக்கு ஒன்ராறியோவில் ஆர்-60 என்கிற காப்பு அளவு கேட்கிறார்கள். எண்பதுகளில் கட்டிய ஸ்காபரோ வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இராது.

முற்றத்துக் கூடாரம், தட்டையான கார்க் கொட்டகை, கண்ணாடி அறை இவைதான் பாரத்துக்கு முதலில் விழுபவை. அடியில் நிற்கவேண்டாம். வீட்டுக்குள் கதவுகள் திடீரென்று இறுகினாலோ, மேலே முறிகிற சத்தம் கேட்டாலோ வெளியேறுங்கள்.

ட்ரையரில் உடுப்பு காயவில்லை, ஜன்னல்களில் தண்ணீர் வடிகிறது

மறுபடியும் பக்கச் சுவர். ட்ரையரின் வெளிவாய் மூடியிருக்கும், குசினி விசிறியின் தகட்டு மூடி உறைந்திருக்கும், காற்று மாற்றியின் வலை ஸ்னோ பிடித்திருக்கும். ட்ரையர் எரிவாயுவில் ஓடுவதென்றால் திறக்கும்வரை போடவே வேண்டாம்.

யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்

முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு திகதியைக் குறியுங்கள். தனியார் வீட்டிலோ கடையிலோ ஐஸில் விழுந்து காயப்பட்டால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். 2021 ஜனவரி 29 முதல் இதுதான் ஒன்ராறியோச் சட்டம். நகரசபை நடைபாதையென்றால் 10 நாள் மட்டுமே. கை முறிந்து கிடக்கிற ஒருவருக்கு 10 நாள் எப்படிப் போகிறதென்றே தெரியாது, ஆகவே வீட்டில் இன்னொருவர் இதைப் பொறுப்பெடுக்கவேண்டும். விழுந்த இடத்தை உப்புப் போட முதல் படமெடுங்கள்.

ஸ்னோ உருகுகிறது, பேஸ்மென்ட் கம்பளம் ஈரம்

சுமாராகப் பத்துச் சென்ரிமீற்றர் ஸ்னோ ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர். அத்தனையையும் வழித்து வீட்டுச் சுவரோடு குவித்திருந்தால் அது போக இடமில்லாமல் அத்திவாரத்தைத் தேடும். வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டும் என்று வானிலையில் கேட்டதும் சுவரோரக் குவியலை ஒரு மீற்றராவது தள்ளிப் போடுங்கள், ஜன்னல் குழிகளை அள்ளுங்கள், கூரைத் தண்ணீர்க் குழாயின் அடிவாயைத் திறந்துவிடுங்கள். வீதியோர வடிகால் மூடி ஸ்னோவுக்கு அடியில் இருந்தால், பாதுகாப்பாக எட்டுமானால் அதையும் திறக்கலாம்.

பேஸ்மென்ட் குழியில் சேருகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற சம்ப் பம்ப் உள்ள வீடென்றால் குழிக்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். மிதவை மேலெழுந்து பம்ப் ஓடி, குழி வற்றவேண்டும். பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டம் இறங்கவில்லை என்றால் வெளியே தண்ணீர் விழுகிற குழாயின் வாய் உறைந்திருக்கும். பம்ப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளியே போய் அந்த வாயைத் தோண்டித் திறவுங்கள். நெளிகுழாய் நீட்டியிருந்தால் ஐஸ் நிறைந்த அந்தத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீர் சுவரிலிருந்து தள்ளி ஓடும்படி ஒரு பலகையை வைத்துவிட்டு, மறுபடி பிளக்கைப் போட்டு இன்னொரு வாளி ஊற்றிப் பாருங்கள்.